தளபதியின் வலது கை

சனிக்கிழமை மேசைக்காரருக்கு,

போன கிழமை நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கற்பனை நாவல்களில் வரும் பூதங்களையும் மிருகங்களையும் ஆட்களையும் நம் மேசை ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்ற என்னிடம் நாலு விதி இருக்கிறது. முதல் மூன்றுக்கும் காரணம் சொல்வேன். நாலாவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது சட்டம், மேல போவம்" என்று கட்டையை உருட்டச் சொல்லிவிடுவேன். எட்டு மாதமாக இப்படித்தான் சமாளித்தேன். நேரே சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

ஒன்று: அதற்கு என்ன வேண்டும்? பசியா, காவலா, பழியா?

இரண்டு: ஒரு முறையில் அது என்ன செய்யும்? நாவலாசிரியர் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம். நமக்கு ஒரு வரி போதும்.

மூன்று: எது அதை நிறுத்தும்? நிறுத்த முடியாததோடு விளையாட முடியாது.

நாலு: உயிரோடு இருக்கிற ஒருவரின் உடம்பிலிருந்து எதையும் எடுக்காதே.

நீங்களும் என் வயதுக்காரர்தான், முப்பதுக்கு இந்தப் பக்கம். சண்டை முடிந்த பிறகு வந்த அந்தச் சில வருடங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ரோட்டெல்லாம் புதிது. ஆமியின் காவல் சென்றிகள் மட்டும் பழையபடி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. டிசம்பர் லீவு, மாரி மழை. மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவி ஏறி, வாழைகளின் காலடிவரை வந்து நின்றது.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவ பெரியம்மாவின் மகள். எனக்கு அக்கா. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தா. லண்டனிலிருந்து வந்து போன சொந்தக்காரப் பிள்ளை ஒன்று விட்டுப் போன விதிப் புத்தகம் அவவிடம் இருந்தது. ஆங்கிலம். முப்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு ஐம்பத்தோராம் பக்கம் வந்தது. அகராதியை மடியில் வைத்து அவ அதை வாசித்து முடித்தா. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேச, வெட்டா தப்பா என்பதை இருபது பக்கக் கட்டை தீர்க்கிற ஆட்டம் என்று எங்களுக்கு விளக்கினா.

"இருபது பக்கத்தில கட்டையா? அது கட்டையா பந்தா?" என்றான் மச்சான். என் மாமாவின் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஊரில் எதையும் நேராகக் கேட்கத் தெரியாத ஒரே ஆள்.

கட்டைக்குப் பதிலாக இருபது மட்டிச் சிப்பிகள் பொறுக்கினோம். உள்பக்கத்தில் அக்காவின் நகப்பூச்சால் ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதினேன். ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எவ்வளவு கழுவியும் அந்த டின்னைத் திறந்தால் சேற்று மணம் வரும். எங்கள் பூதங்களுக்கெல்லாம் அந்த மணம்தான்.

பூதங்கள் வந்தது இன்னொரு புத்தகத்திலிருந்து. ஊர் வாசிகசாலை கழித்துப்போட்ட தடித்த மொழிபெயர்ப்பு நாவல். அட்டை இல்லை, முதல் தாள்கள் இல்லை. இன்றுவரை அதன் பெயர் எனக்குத் தெரியாது. பனி மலை, உறைந்த ஏரி, நிழல் விழாத ஒரு ராசா, அவனுக்குக் காவலாக வெள்ளைப் பூதங்கள். அவனை எதிர்த்துப் போகிற கூட்டத்தில் ஒரு தளபதி.

அதை ஆட்டமாக மாற்றுவது என் வேலை. அக்காதான் தந்தா. நான் பட்டியல் போடுகிறவள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மழைக்கு எத்தனை வாளி எங்கெங்கே வைப்பது என்றுகூட எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பக்கத்துக்கு ஒரு மிருகம் என்று தொடங்கினேன். முதல் நாளே சிக்கிக்கொண்டேன். உறைந்த ஏரியில் எப்படி நடப்பது? வழுக்குமா? நாங்கள் ஐஸைக் கண்டது மீன் பெட்டியில் மட்டும்.

"காணாத இடத்தில சண்டை பிடிக்க ஏலா," என்றா அக்கா. "எல்லாத்தையும் நம்மட ஊருக்குக் கொண்டு வா."

அந்த ஒரு வசனம் எங்கள் கையைத் திறந்துவிட்டது. பனிப்பூதம் உப்புப்பூதமானது. மழை பெய்தால் கரையும், அதனால் மாரியில் வெளியே வராது. பனி ஓநாய்கள் வாவியில் மிதக்கும் ஆற்றுவாழைக்குக் கீழே பதுங்கிக் காலை இழுக்கிறவையாக மாறின. மலை, வயல்வட்டை வரம்பாயிற்று. நிழல் இல்லாத ராசாவின் கோட்டைக்கு ஒரு இடம் வேண்டும். தண்ணீருக்கு அப்பால் இருக்க வேண்டும். உயர்ந்த மதில், காவல் கோபுரம், சுற்றிச் சுற்றி வரும் வெளிச்சம். அப்படி ஒன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. கிழக்குக் கரையான எழுவான்கரையில், பாதை போய்த் தட்டுகிற துறையடியில் இருந்த ஆமி முகாம்.

பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற தட்டையான இரும்புப் படகை. ரியூசனுக்கு நானும் மச்சானும் கிழமைக்கு மூன்று நாள் அதில் போய் வந்தோம். போகிற வழியில் மச்சான் கோபுரத்தை எண்ணினான். காவல் மாறுகிற நேரத்தைப் பார்த்துச் சொன்னான். நான் எழுதினேன். கோட்டைக்குள் புகுவதென்றால் காவல் மாறுகிற நேரம் வேண்டாமா? விதிப் புத்தகமே அப்படித்தான் கேட்டது. வரைபடம் கீறினேன். துறை, மதில், கோபுரம், இறால் கொட்டில், தண்ணீர் ஓரத்துக் கண்ணாப் பற்றை. வடக்கைக்கூடச் சரியாகப் போட்டேன்.

மிச்சமிருந்தது தளபதி.

நாவலில் அந்த ஆள் பெரிய போரொன்றிலிருந்து திரும்பி வந்தவர். போரைப் பற்றிப் பேசமாட்டார். ஒன்பது சண்டையில் ஒன்பதிலும் வெல்வார். தாடி, இரண்டு கை, இரண்டு வாள். எழுதிப் பார்த்தேன். உயிர்ப் புள்ளி எவ்வளவு குறைத்தாலும் எதுவும் அவரை நிறுத்தாது. "இந்தாள் இருந்தா மற்றவங்களுக்கு என்ன வேலை?" என்று அக்கா திருப்பித் தந்துவிட்டா. "ஏதாவது குறை போடு."

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மாமா, மச்சானின் அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. மிச்ச விரல்களில் இரண்டால் கோப்பையின் அடியைத் தாங்கி, பெருவிரலால் விளிம்பை அழுத்திப் பிடிப்பார். சூடு படாது. வலையில் முடிச்சுப் போடும்போது ஒரு நுனியைப் பல்லால் கடிப்பார். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். தண்ணீருக்குள் இறங்கினால் அது தெரியாது, அவ்வளவு அழகாக நீந்துவார்.

அவ்வளவையும் எழுதினேன். தலைப்பு: தளபதி. வலது கையில் இரண்டு விரல் இல்லை. வாள் இடது கையில். ஓட்டம் பாதி. நீச்சல் இரண்டு மடங்கு. பாத்திரம் உடனே எழுந்து நின்றது. நான் செய்த மாற்றங்களிலேயே சிறந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மச்சான் அந்தப் பக்கத்தை வாசித்தான். வழக்கமாக எதற்கும் பகிடி விடுகிறவன், இந்த முறை கொப்பியை மூடித் தந்தான். பிறகு, "இனித் தளபதி நான்தான். வேற ஆருக்கும் குடுக்காத," என்றான்.

மாமாவைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். அவர் சண்டை முடிந்த பிறகு சில காலம் தடுப்பில் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். வந்து ஒன்பது மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அக்கரையில் இருந்த அதே முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு கிழமை தவறினாலும், பெயரில் ஒரு சின்னச் சந்தேகம் விழுந்தாலும், திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள் என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். ஞாயிறு காலையில் மாமி சமைக்கமாட்டா. அவர் திரும்பி வந்த பிறகுதான் அடுப்பு எரியும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். கொப்பியில் இருந்தது கதை, முகாமில் இருந்தது வேறு என்று என் தலைக்குள் ஒரு மதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ரியூசன் விட்டு வரும்போது பாதையில் வைத்து, மச்சான் சொன்ன காவல் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். நடு வாவியில் மழை கொட்டியது. எல்லாரும் படங்குக்குக் கீழே ஓடினார்கள். கொப்பி நனையக்கூடாது என்று பலகை ஆசனத்துக்குக் கீழே செருகினேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் நினைவு வந்தது.

அப்போதும் பட்டியல்தான் போட்டேன். பலகைக்குக் கீழே இருக்கலாம். தண்ணீரில் விழுந்திருக்கலாம். யாராவது எடுத்துக் கடலை சுற்றியிருக்கலாம். தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும் என்று கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் துறைக்குப் போனோம். பாதை ஓட்டுகிறவர் எண்ணெய்த் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொப்பியா? நீலக் கொப்பி? கண்டன், கண்டன். அங்கால சென்றியில குடுத்திட்டனே."

"ஏன் குடுத்தீங்க?" என்றான் மச்சான். குரல் கீச்சிட்டது.

"பின்ன? ஆளில்லாமக் கிடக்கிற சாமான் எல்லாம் அங்கதான் குடுக்கோணும். போன மாசம் ஒரு கிழவியின்ட பாக்குப் பை கிடந்தது, அதையும் குடுத்தன். போய்க் கேளு, தருவானுகள்."

அக்கா வரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை முகாம் வாசலுக்குப் போகக்கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு. நானும் மச்சானும் அக்கரைக்குப் போனோம். மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த ஆமிக்காரனுக்கு மிஞ்சினால் இருபத்திரண்டு வயதிருக்கும். மேசையில் என் கொப்பி. அதன்மேல் தேத்தண்ணிக் குவளை. அட்டையில் ஈர வட்டம்.

"அது என்ட," என்றேன். "பள்ளிக்கூடக் கொப்பி. விஞ்ஞானம்."

அவன் கொப்பியைத் திறந்து உப்புப்பூதத்தைக் காட்டினான். "இது விஞ்ஞானமா? யானையா?" சிரித்தான். பிறகு பக்கங்களைப் புரட்டி வரைபடத்தில் நின்றான். எழுத்து அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் துறை விளங்கியது. கோபுரம் விளங்கியது. சிரிப்பு நின்றது. கொப்பியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தான்.

"நாளைக்குத் தமிழ் தெரிஞ்ச சேர் வரும். அவர் வாசிக்கும். நாளைக்கு வா."

நாளை ஞாயிறு.

திரும்பி வரும்போது மச்சான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். வாழைகளுக்குக் கீழே அக்கா காத்திருந்தா. மூன்று பேரும் அங்கேயே சண்டை பிடித்தோம், குரலைத் தாழ்த்தி.

"மாமாட்டச் சொன்னா அவர் போகமாட்டார்," என்றா அக்கா. "போகாட்டித் தேடி வருவாங்க."

"சொல்லாட்டி ஒண்டும் தெரியாமப் போய் நிப்பார்," என்றேன் நான்.

"எரிச்சுப்போட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு எரிச்சிருக்கலாம்," என்றான் மச்சான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பொழுதுபடுவதற்கு முன் சொல்லிவிட்டோம். மாமா முற்றத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் வலையைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"எத்தனை பக்கம்?"

"நாப்பத்தொண்டு."

"என்னென்ன இரிக்கு? ஒண்டொண்டாச் சொல்லு புள்ள. ஒண்டையும் விடாத."

சொன்னேன். என் வாழ்க்கையில் நான் வாயால் ஒப்புவித்த முதல் பட்டியல் அதுதான். பூதங்கள் பதினாறு. வரைபடம் ஒன்று. காவல் மாறும் நேரம் மூன்று நாளுக்கு. தளபதி. தளபதியிடம் வந்தபோது, "அவர் கொஞ்சம் உங்களைப் போல" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

மாமி நாவலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினா. "சனியன்! பிள்ளையளுக்கு விளையாட வேற சாமான் இல்லையா? ஆமியை வச்சா விளையாடுற?"

"அதை எரிக்காத," என்றார் மாமா. "அது வேணும். அந்தச் சிப்பி டின்னும் வேணும். இங்கிலீசுப் புத்தகமும் வேணும்."

அம்மா வந்தா. கல்குடாவில் ஒரு சொந்தக்காரர் தோணி வைத்திருக்கிறார், ரெண்டு கிழமை அங்கே போய் இரு தம்பி என்று அழுதா. மாமா தலையாட்டினார். சம்மதத்துக்கல்ல, கேட்டுவிட்டேன் என்பதற்கு. "ஓடினா அந்தக் கொப்பியில இரிக்கிறது எல்லாம் உண்மையாப் போயிரும் அக்கா," என்றார்.

ஞாயிறு காலை நாங்கள் மூன்று பேர் பாதையில் ஏறினோம். மாமா, மச்சான், நான். நான் சீருடை போட்டிருந்தேன், அம்மாவின் யோசனை. பால்மா டின்னை மடியில் வைத்திருந்தேன். இயந்திரம் அதிர, சிப்பிகள் கிலுகிலுத்துக்கொண்டே வந்தன.

முகாமுக்குள் ஒரு தகரக் கூரை அறை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டுத் தட்டியது. தமிழ் தெரிந்த அதிகாரி கண்ணாடி போட்டவர். நரை. கொப்பியை முன்னாலிருந்து பின்வரை ஏற்கெனவே வாசித்திருந்தார். இடையிடையே தாள் துண்டுகள் செருகியிருந்தன. எனக்கு அந்தத் துண்டுகளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஏழு துண்டு.

"உப்புப்பூதம். வலு முப்பது. மழையில் கரையும்," என்று வாசித்தார். தமிழ் சுத்தமாக இருந்தது. "இது என்ன பிள்ளை?"

விளக்கினேன். நாவலைக் காட்டினேன், எந்தப் பக்கத்தில் பனிப்பூதம் என்று. விதிப் புத்தகத்தைக் காட்டினேன். டின்னை நீட்டி, "ஒண்டு எடுங்க சேர்," என்றேன். எடுத்தார். நாலு.

"நாலு எண்டா?"

"உங்கட வெட்டுத் தவறிட்டு, சேர்."

அறையில் நின்ற இன்னொருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மேசையில் வைத்தார். வரைபடத்தைத் திறந்தார்.

"இது பூதம் இல்லை. இது எங்கட இடம். இதை எண்ணினது ஆர்?"

"நான்," என்றான் மச்சான்.

"ஏன்?"

"கோட்டைக்குள்ள போறதுக்கு. ஆட்டத்தில."

"சரி." இன்னொரு துண்டு இருந்த பக்கத்துக்குப் போனார். "தளபதி. பெரிய போரில் இருந்து திரும்பி வந்தவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. இடது காலை இழுத்து நடப்பார். கோப்பையை மூன்று விரலால் பிடிப்பார், சூடு படாது. முடிச்சுப் போடும்போது நுனியைப் பல்லால் கடிப்பார்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், என்னை. "இவர் இந்த நாவலில் எந்தப் பக்கம்?"

எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் தாள் ஓரம் கிழிந்தது. அவர் நிதானமாக வாசித்தார். ஒரு பக்கம் முழுதும். மின்விசிறி தட்டிக்கொண்டேயிருந்தது.

"இதில தாடி இரிக்கு. கை ரெண்டும் இரிக்கு. காலில ஒண்டும் இல்லை. நீங்க ஏன் மாத்தினீங்க?"

"அவர் தோக்கமாட்டார், சேர். தோக்காத ஆளை வச்சு விளையாட ஏலா. ஏதாவது எடுக்கோணும்."

"அதுக்கு விரலை எடுத்தீங்க."

"ஓம்."

"ஆர்ட விரல்?"

எனக்குப் பதில் தெரியும். மாமா வழக்கம்போல வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதிகாரி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. பார்க்கத் தேவையில்லை, ஒன்பது மாதமாகப் பதிவேட்டில் அந்தக் கைதானே எழுதுகிறது.

"இந்தப் பக்கத்தை எழுதினது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றான் மச்சான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மாமாவைப் பார்த்துத்தான் பேசினார், மெதுவாக. "உங்கட மகன் உங்களைத் தளபதி எண்டு எழுதியிருக்கான். எங்கட காவல் நேரத்தையும் எழுதியிருக்கான். ரெண்டும் ஒரே கொப்பியில. பிள்ளை தானா எண்ணினானா, ஆராவது எண்ணச் சொன்னாங்களா? நான் மேல என்னெண்டு எழுதுறது?"

மாமா முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்து மச்சானின் கன்னத்தில் அறைந்தார்.

அவ்வளவு பலமான அடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மச்சான் சுவரில் போய் மோதினான். மாமா பிடித்திழுத்து இன்னொன்று விட்டார். "அப்பன்ட ஊனம் உனக்கு விளையாட்டா? ஊர் சிரிக்க எழுதி வச்சிருக்கியா? நாயே! நான் வெக்கப்பட்டு ஒளிச்சிக்கிட்டுத் திரியிறன், நீ படம் போட்டா விக்கிறாய்?" மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது மாமா அழுதுகொண்டிருந்தார். மூக்கிலிருந்து நீர் வடிந்தது.

"போதும்," என்றார் அதிகாரி. எழும்பியே விட்டார். "ஐயா, போதும். சின்னப் பிள்ளை."

மச்சானின் கன்னத்தில் மூன்று விரல் தடம் இருந்தது.

அதிகாரி திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கொப்பியிலிருந்து நாலு தாளைக் கிழித்து ஒரு கோவைக்குள் வைத்தார். மிச்சத்தை என்னிடம் தள்ளினார். மாமா கையெழுத்து வைத்தார். வழக்கமான இடத்தில். "இனிப் புதன்கிழமையும் வாங்க," என்றார் அதிகாரி. "நான் நிப்பாட்டச் சொல்லுறவரைக்கும்."

வெளியே வந்து பாதை நடு வாவிக்குப் போன பிறகுதான், சிப்பி டின்னை அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. கேட்க யாருக்கும் மனமில்லை. மிச்சக் கொப்பியும் நாவலும் அன்று பகலே அடுப்புக்குள் போயின. விதிப் புத்தகத்தை அக்கா எங்கேயோ ஒளித்தா. எங்கே என்று பிறகு அவவுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் தீர்ப்பு நடந்தது. மச்சானுக்கு ரியூசன் இல்லை. அக்கா எங்களோடு சேரக்கூடாது. எனக்கு மட்டும் பாராட்டு. "புள்ள வாய் திறந்து பதில் சொன்னதாலதான் தப்பினம்," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னா. பெரியம்மா எனக்குப் பட்டுப் பாவாடை தைக்கத் துணி எடுத்து வந்தா. "இவள் கெட்டிக்காரி. அவன்தான் அப்பனையே எழுதி வித்தவன்." மச்சான் அதைக் கேட்டுக்கொண்டு படியில் இருந்தான். மறுக்கவில்லை. என் பக்கம் பார்க்கவுமில்லை. அந்த மூன்று நாளும் நான் சோறு தின்றது வெறும் பழக்கத்தில்.

ஒன்று நிச்சயம். மாமா போய்ப் புதன்கிழமை அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்கும்போது, அதிகாரி இன்னும் யோசித்திருந்தால், கொப்பியில் இருந்த எழுத்தை மச்சானின் எழுத்தோடு ஒப்பிட்டிருந்தால், மகன் பொய் சொன்னான் என்று கண்டால், அந்த அடியும் பொய் என்றாகிவிடும். அப்படி நடந்தால் அவர் திரும்பி வரமாட்டார். அதற்கு முன் யாராவது அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை முதல் பாதைக்கு முன்பே துறையில் போய் நின்றேன். மழை விட்டிருந்தது. மாமா பொலித்தீன் பையில் சோற்றுப் பார்சலோடு வந்தார். நேரமானால் என்ற பயத்தில் மாமி கட்டிக் கொடுத்தது.

"என்ன புள்ள, பள்ளிக்கூடம் லீவிலயும் விடியக் காலம எழும்புறியா?"

"மாமா, அந்தப் பக்கம் நான் எழுதினது. மச்சான் இல்ல."

"தெரியும்."

"எழுத்தைப் பாத்தா?"

"எழுத்தை ஆர் பாத்த." பையை மற்றக் கைக்கு மாற்றினார். "அந்தாள் வாசிக்கக்குள்ளயே தெரிஞ்சிட்டு. கோப்பை பிடிக்கிறது, முடிச்சுக் கடிக்கிறது எல்லாம் கிட்ட இருந்து பாத்த ஆள் எழுதினது. என்ட மகன் என்ட கையப் பாக்கமாட்டான். வந்த நாளில இருந்து ஒரு நாளும் பாக்கல்ல. சோறு போட்டுக் குடுத்தாலும் முகத்தைத்தான் பாப்பான்."

"அப்ப ஏன் அவனுக்கு அடிச்சீங்க?"

"உனக்கு அடிச்சிருந்தா அந்தாள் நம்பியிருப்பாரா? மற்றவன்ட பிள்ளைக்கு ஒருத்தனும் அப்பிடி அடிக்கமாட்டான் புள்ள."

பாதை இக்கரையை நெருங்கியது. ஓட்டுகிறவர் சங்கிலியைத் தளர்த்தினார். அவசரமாக, "அந்தாள் எழுத்தை ஒப்பிட்டுப் பாத்தா?" என்று கேட்டேன்.

"பாத்தா நீ எழுதினது எண்டு சொல்லுவன். வயசு பன்னிரண்டு எண்டு சொல்லுவன். இண்டைக்கு வாற நேரத்துக்கு வருவன்." பையின் வாயை முறுக்கினார். "வராட்டி, நீ சொல்ல வேண்டியதை அம்மாட்டச் சொல்லு. வந்தா, ஆரிட்டயும் சொல்லாத. மச்சானிட்டயும்."

"ஏன்? அவனை எல்லாரும் பேசுறாங்க."

"பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்ட வந்து, கன்னத்துக்கு எண்ணெய் பூசிவிட்டன். அப்ப கையப் பிடிச்சுப் பாத்தான். ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தான். எப்பிடி அப்பா நடந்தது எண்டு கேட்டான்." மாமா அக்கரையைப் பார்த்தார். "முதல்தரம் கேட்டவன். நான் சொன்னன். இன்னும் சொல்லி முடியல்ல. புள்ள, ஒரு கிழமைக்கு அவனை என்னோட விடு."

பாதை தட்டியது. அவர் ஏறினார். நான் துறையிலேயே இருந்தேன். மூன்று தரம் பாதை போய் வந்தது. நாலாம் தரம் மாமா சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே திரும்பிக் கொண்டுவந்தார்.